ஆற்று வடிநிலத்தின் நீர்த்தரத்தை அளந்து மேம்படுத்துதல்: முழுமையான வழிகாட்டி

ஆற்று நீர் கெட்டிருக்கிறது என்பது பல வேளைகளில் கரையில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். அது எங்கிருந்து கெடுகிறது, நாளொன்றுக்கு எவ்வளவு கெடுகிறது, எந்தப் பருவத்தில் கெடுகிறது, எதை முதலில் நிறுத்தினால் ஆறு தேறும் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை காணத்தான் முறையான அளவீடு வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் இறங்கும் சிறு குழுக்களையும் மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

புதியவர்கள் தடுமாறும் இடங்களைத் தொடர்ந்து பார்த்ததில் ஒரு பிழை மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிகிறது. நீரில் என்ன கலந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதை அளக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஓட்டம் தெரியாத செறிவு (ஒரு லிட்டரில் எவ்வளவு கலந்திருக்கிறது என்ற அளவு) பாதிக் கணக்குதான். அந்தப் பாதிக் கணக்கை நம்பிப் பணமும் உழைப்பும் தவறான ஓடையில் போய் முடிவதைக் கண்டிருப்பதால், இங்குள்ள படிகளின் வரிசையை அந்தப் பிழைக்கு இடம் கொடுக்காதபடி அமைத்திருக்கிறேன்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

"ஆற்றின் தரத்தை ஆராய்தல்" என்பது கேள்வியாகாது. "கோடையில் இந்தப் பகுதியில் மீன்கள் சாவது ஆக்சிஜன் குறைவினாலா, ஆமென்றால் அந்தக் குறைவை உண்டாக்குவது எந்த நீர்வரத்து?" என்பது கேள்வி. இப்படி எழுதியவுடனே எதை அளக்க வேண்டும், எங்கே, எந்த நேரத்தில் என்பவை பெரும்பாலும் தெளிவாகிவிடும். மேற்சொன்ன கேள்விக்கு ஆக்சிஜன், வெப்பநிலை, அம்மோனியா, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் உண்ணும் ஆக்சிஜனின் அளவு) ஆகியவை போதும். கன உலோகங்களுக்குச் செலவிட வேண்டியதில்லை.

அந்த நீரை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பாசனத்துக்கு உப்பின் அளவு முக்கியம், குளிப்பதற்கு மலக்கிருமிகள், மீனுக்கு ஆக்சிஜனும் அம்மோனியாவும். எந்தத் தர வரம்போடு ஒப்பிடப் போகிறோம் என்பதை மாதிரி எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். முடிவுகள் வந்த பிறகு வரம்பைத் தேடினால், நமக்குப் பிடித்த முடிவைத் தரும் வரம்பை எடுத்துக்கொள்ளும் ஆசை யாரையும் விடாது.

2. வடிநிலத்தின் எல்லையை வரைந்து, பிறகு நடந்து பாருங்கள்

எந்த நிலத்தில் விழும் மழை நம் அளவிடும் இடத்துக்கு வந்து சேருமோ அந்த நிலம் முழுவதும் வடிநிலம். சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடத்தில், ஆற்றின் கீழ்முனையில் தொடங்கி இரு பக்கமும் முகடுகளின் வழியே எல்லையை இழுத்துச் செல்லுங்கள். எல்லைக்கோடு சமவுயரக் கோடுகளைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். தொடங்கிய கீழ்முனையைத் தவிர வேறெங்கும் ஓடையை வெட்டக் கூடாது. சமவுயரக் கோடு ஓடையைக் கடக்கும் இடத்தில் உண்டாகும் கூர்முனை, நீர் வரும் திசையைக் காட்டும். பலர் இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள்.

கணினியில் செய்ய விரும்புகிறவர்களுக்கு 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்ட உயரத் தரவு ஏறக்குறைய 30 மீட்டர் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் எல்லை தானாகவே வரையப்படும். ஆனால் சமவெளியில் அதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு சாலைமேடு, ஒரு வாய்க்கால், ஒரு மழைநீர் வடிகால் ஆகியவை நீரைப் பக்கத்து வடிநிலத்துக்கே திருப்பிவிடக் கூடும். 30 மீட்டர் கட்டத்துக்கு அவை தெரியாது.

ஆகவே வரைபடத்தை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும், ஒரு முறை வெயிலிலும் ஒரு முறை மழை பெய்துகொண்டிருக்கும்போதும். ஆற்றில் விழும் குழாய்கள், துணையோடைகள், கால்நடை இறங்கும் துறைகள், குப்பை கொட்டும் இடங்கள், கழிவறைத் தொட்டிகள், கரை சரிந்த இடங்கள், உரமிடும் வயல்கள் ஆகியவற்றை எண்ணிட்டுக் குறியுங்கள். வெயிலில் வறண்டு கிடக்கும் ஒரு பள்ளம் மழையில் செந்நிற நீரைச் சுமந்துகொண்டு ஆற்றில் இறங்குவதை நேரில் பார்க்காதவர்கள், அந்தப் பள்ளத்தைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.

3. எதை அளப்பது என்று தேர்ந்தெடுங்கள்

எந்தக் கேள்விக்கும் பொதுவாக வேண்டிய அடிப்படைத் தொகுதி ஒன்று உண்டு: வெப்பநிலை, பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு), மின்கடத்துதிறன் (கரைந்த உப்புகள் கூடினால் ஏறுவது), கரைந்துள்ள ஆக்சிஜன், கலங்கல். இவற்றை ஆற்றிலேயே அளக்கலாம். அளக்கவும் வேண்டும், ஏனெனில் குப்பியில் அடைத்து எடுத்துச் செல்லும் வழியிலேயே வெப்பநிலையும் ஆக்சிஜனும் பி.எச்.சும் மாறிவிடும். இவற்றோடு கேள்விக்கு ஏற்ப நைட்ரேட், அம்மோனியா, மொத்த பாஸ்பரஸ், மிதக்கும் திண்மங்கள், ஈ.கோலி (மலக்கலப்பைக் காட்டும் குடல் பாக்டீரியா), உயிர்வேதி ஆக்சிஜன் தேவை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆக்சிஜனை வெப்பநிலையோடு சேர்த்தே படிக்க வேண்டும். கடல்மட்ட அழுத்தத்தில் நன்னீர் 0 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறக்குறைய 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ளும். 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் 7.6 மட்டுமே. ஆகவே வெயில் காலத்தில் 7 மில்லிகிராம் என்பது நல்ல நிலை. குளிர்நீரில் அதே 7 ஏதோ ஒன்று ஆக்சிஜனை உண்கிறது என்பதன் அடையாளம். செறிவோடு, அந்த வெப்பநிலையில் நீர் கொள்ளக்கூடியதில் அது எத்தனை பங்கு என்ற நிறைவு விழுக்காட்டையும் குறித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

அம்மோனியாவையும் தனியாகப் படிக்கக் கூடாது. மீனுக்கு நஞ்சாவது முக்கியமாக அயனியாகாத, அதாவது மின்னேற்றம் பெறாத, அம்மோனியா. அதன் பங்கு பி.எச்.சையும் வெப்பநிலையையும் பொறுத்தது. 25 டிகிரியில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 0.6 விழுக்காடுதான் அந்த வடிவில் இருக்கும். 8இல் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். 9இல் 36 விழுக்காட்டை எட்டும். பாசி மிகுந்த நீரில் பிற்பகல் வெயிலில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் பி.எச். ஏறுகிறது. காலையில் தீங்கற்றதாக இருந்த அதே அம்மோனியா மாலையில் மீனைக் கொல்வது அதனால்தான்.

அலகுகளில் ஒரு பொறி இருக்கிறது. நைட்ரேட்டைச் சில ஆய்வுக்கூடங்கள் நைட்ரேட்டாகவே தருகின்றன, சில அதிலுள்ள நைட்ரஜனாகத் தருகின்றன. இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு வேறுபாடு. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் 50 மில்லிகிராம் வழிகாட்டு அளவு நைட்ரேட்டாகக் கணக்கிட்டது. நைட்ரஜனாகச் சொன்னால் அது 11 மில்லிகிராம்தான். பாஸ்பேட்டுக்கும் பாஸ்பரஸுக்கும் இடையே இதேபோல் 3 மடங்குக்குச் சற்று மேல் வேறுபாடு உண்டு. அறிக்கையை வாங்கும்போதே எந்த வடிவில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

4. இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு சந்தேக மூலத்துக்கும் மூன்று இடங்கள் வேண்டும்: அதற்கு மேலே ஆற்றில் ஒன்று, மூலத்திலேயே ஒன்று, கீழே நீர் முழுதாகக் கலந்த பிறகு ஒன்று. மேலே உள்ள இடத்தை விட்டுவிட்டால், கீழே காணும் கேடு அந்த மூலத்தால் வந்ததா, முன்பே ஆற்றோடு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. முழு வடிநிலத்துக்கும் பொதுவாக, மனிதர் கை அதிகம் படாத மேற்பகுதியில் ஒப்பீட்டுக்கென்று ஓரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

துணையாறு சேர்ந்த இடத்துக்கு உடனே கீழே மாதிரி எடுப்பது மிகப் பரவலான பிழை. இரு நீரும் வெகுதூரம் கலக்காமல் அருகருகே ஓடும்; எந்தக் கரையில் குப்பியை நனைக்கிறீர்களோ அந்த ஆற்றின் நீர்தான் கிடைக்கும். மின்கடத்துமானியை எடுத்துக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஐந்தாறு இடங்களில் அளந்து பாருங்கள். அளவுகள் ஒன்றுபோல் வரும் இடம் வரை கீழே நகருங்கள். அரை மணி நேர வேலை, ஓராண்டுத் தரவைக் காப்பாற்றும்.

பாலங்கள் எட்டுவதற்கு வசதியானவை என்பதால் எல்லோரும் பாலத்தையே நாடுகிறார்கள். பாலத்துக்கு மேற்புறம் எடுப்பது நல்லது. கீழ்ப்புறத்தில் சாலையிலிருந்து வடியும் அழுக்கும் தூண்கள் கலக்கிவிடும் வண்டலும் சேர்ந்துகொள்ளும்.

5. நாளையும் நேரத்தையும் வகுத்துக்கொள்ளுங்கள்

ஒரு பணியில் ஆறு மாதம் தொடர்ந்து திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே மாதிரி எடுத்தோம். வசதியான நேரம், அளவுகளும் சீராகவே வந்தன. மீன்கள் மட்டும் செத்துக்கொண்டிருந்தன. ஒருநாள் இரவு முழுவதும் மணிக்கொரு முறை அளந்தபோதுதான், நள்ளிரவுக்குப் பின் மின்கடத்துதிறன் ஏறி விடிவதற்குள் இறங்கிவிடுவது தெரிந்தது. யாரோ இரவில் திறந்துவிட்ட கழிவு, நாங்கள் வருவதற்குள் ஓடிப்போயிருந்தது. அந்த ஆறு மாதத் தரவு பொய்யில்லை, ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையாகவும் இல்லை.

ஆக்சிஜனும் இப்படித்தான். பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் எல்லா உயிர்களும் அதை உண்கின்றன. மிகக் குறைந்த அளவு விடிவதற்குச் சற்று முன்பும், மிகுந்த அளவு பிற்பகலிலும் காணப்படும். பிற்பகலில் 130 விழுக்காடு நிறைவு கண்டால் மகிழ வேண்டாம். அங்கே பாசி மிகுந்திருக்கிறது, விடியலில் கடும் பஞ்சம் இருக்கக் கூடும் என்றே அதற்குப் பொருள்.

மாதம் ஒரு முறை என்று ஓராண்டு எடுப்பதோடு, சில மழைகளையும் தனியே பிடிக்க வேண்டும். மண்ணும் அதில் ஒட்டிய பாஸ்பரஸும் பெரும்பாலும் வெள்ளம் ஏறும் சில மணி நேரங்களிலேயே கடந்துபோகின்றன. வெள்ளம் வடியும்போது வந்து எடுத்தால் உச்சத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். அதே சமயம் ஒரே வெள்ளத்தின் பல மாதிரிகளை மாதாந்திர மாதிரிகளோடு கலந்து சராசரி எடுக்கக் கூடாது. இரண்டையும் தனித்தனிப் பட்டியலில் வையுங்கள்.

6. புறப்படுவதற்கு முன்

முதல் நாளே செய்ய வேண்டியவை சில உண்டு. பி.எச். மானியை முதலில் பி.எச். 7 உள்ள தாங்கல் கரைசலிலும் (பி.எச். எளிதில் மாறாத கரைசல்) பிறகு நீரின் தன்மைக்கு ஏற்ப 4 அல்லது 10இலும் சரிசெய்யுங்கள். மின்கடத்துமானிக்குச் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசல் பொதுவாகப் பயன்படுகிறது. ஆக்சிஜன் மானியை அளவிடும் நாளன்று, அளவிடும் இடத்தின் காற்றழுத்தத்தில் சரிசெய்ய வேண்டும். மேட்டு நிலத்துக்குப் போகிறவர்கள் இதை மறந்தால் எல்லா அளவுகளும் ஒரே பக்கமாகச் சாயும்.

ஆய்வுக்கூடத்தோடு முன்னதாகவே பேசிவிடுங்கள். ஈ.கோலி மாதிரியை முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சோதனைக்கு எடுக்க வேண்டும். உயிர்வேதி ஆக்சிஜன் தேவையையும் அன்றே தொடங்குவது நல்லது. 20 டிகிரியில் இருட்டில் 5 நாள் வைப்பது வழக்கமான முறை, சில இடங்களில் 27 டிகிரியில் 3 நாள் முறையும் உண்டு. இரண்டு முறைகளின் எண்களை ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். வெள்ளி மாலையில் மாதிரியோடு போய்ப் பூட்டிய கதவின் முன் நிற்கும் குழுக்களைப் பார்க்கும்போது, ஒரு தொலைபேசி அழைப்பில் தவிர்த்திருக்கலாமே என்றிருக்கும்.

பத்து மாதிரிக்கு ஒன்றாவது இரட்டை மாதிரியாகவும், ஒன்று வெற்று மாதிரியாகவும் இருக்கட்டும். வெற்று மாதிரி என்பது வாலைவடிநீரை ஆற்றங்கரைக்கு எடுத்துச் சென்று, அங்கே குப்பியில் ஊற்றி, மற்ற மாதிரிகளோடு அனுப்புவது. அதில் நைட்ரேட் வந்தால் நைட்ரேட் ஆற்றில் இருந்து வரவில்லை, உங்கள் குப்பியிலிருந்தோ கையிலிருந்தோ வந்திருக்கிறது.

7. மாதிரி எடுத்தல்

தனியாகப் போகாதீர்கள். நீரின் ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்கினால் 1க்கு அருகில் வரும் ஆற்றில் இறங்கவே கூடாது; நீச்சல் தெரிந்தாலும் கால் வாரிவிடும். புதியவர்கள் முழங்காலுக்கு மேல் போக வேண்டாம். கையுறை அணியுங்கள், காயங்களை மூடுங்கள். எலிச்சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும்.

இறங்கும் விதம்தான் மாதிரியைக் காப்பதும் கெடுப்பதும். கரையிலிருந்து இறங்கி நீரோட்டத்துக்கு எதிராக நடந்து, நீர் வரும் திசையை நோக்கி நின்று, குப்பியை உடலுக்கு முன்னால் நீட்ட வேண்டும். ஒரு பயிற்சியில் ஓர் இளைஞர் மேலிருந்து கீழாக நடந்து வந்து, நின்ற இடத்திலேயே குனிந்து குப்பியை நிரப்பினார். அவருடைய காலடியில் எழுந்த சேறு, புகைபோல் மெல்லச் சுருண்டு அவரைத் தாண்டிக் குப்பியின் வாய்க்குள் போனதைக் கரையில் நின்ற எல்லோரும் பார்த்தோம். அவர் மட்டும் பார்க்கவில்லை. அந்தக் குப்பியைச் சோதித்திருந்தால் பாஸ்பரஸ் பல மடங்கு ஏறியிருக்கும். ஆறு அதற்குப் பொறுப்பாகாது.

குப்பியை மூன்று முறை அதே நீரில் அலசி, அலசிய நீரைக் கீழ்ப்புறம் கொட்டுங்கள். கிருமிநீக்கிய குப்பியையும் பாதுகாப்பு அமிலம் இட்ட குப்பியையும் அலசக் கூடாது. குப்பியைக் கவிழ்த்தபடி 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்பினால் மேற்பரப்பில் மிதக்கும் படலம் உள்ளே வராது. ஆக்சிஜன் குப்பியில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. கிருமிக் குப்பியில் குலுக்குவதற்காக மேலே 2 சென்டிமீட்டரளவு இடம் விட வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்கள் அதிகம்.

எடுத்தவுடன் பனிக்கட்டிப் பெட்டியில், இருட்டில். குறிப்பேட்டில் இடம், நாள், நேரம், வானிலை, கடைசியாக மழை பெய்த நாள், நீரின் நிறம், வாடை ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதுவது குறிப்பாகாது.

8. அதே வேளையில் ஓட்டத்தை அளந்துவிடுங்கள்

கருவி இல்லாமலே இதைச் செய்யலாம். ஆறு நேராகவும் சீராகவும் ஓடும் 10 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். பாதி மூழ்கி மிதக்கும் பொருள் ஒன்றை மேலே விட்டு, கீழ்க்கோட்டைக் கடக்க எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். ஆற்றின் குறுக்கே மூன்று நான்கு பாதைகளில் பலமுறை செய்து சராசரி எடுங்கள். காற்றில் பறக்கும் இலேசான பொருளோ இலையோ உதவாது, ஏனெனில் அது நீரின் வேகத்தைக் காட்டாமல் காற்றின் வேகத்தைக் காட்டும்.

மேற்பரப்பு நீர் அடிநீரை விட வேகமாகப் போகும்; ஆகவே கிடைத்த வேகத்தை 0.85ஆல் பெருக்குங்கள். ஆற்றின் குறுக்கே சம இடைவெளியில் ஆழம் அளந்து குறுக்குவெட்டுப் பரப்பைக் (சராசரி ஆழம் பெருக்கல் அகலம்) கணக்கிடுங்கள். 10 மீட்டரைக் கடக்க 20 வினாடி, பரப்பு 2 சதுர மீட்டர் என்றால், ஓட்டம் 0.5 பெருக்கல் 0.85 பெருக்கல் 2, அதாவது வினாடிக்கு 0.85 கனமீட்டர். குழாய்களுக்கு வாளி போதும்: 10 லிட்டர் வாளி 4 வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 2.5 லிட்டர்.

மிதவை முறையில் பத்து இருபது விழுக்காடு பிழை வரத்தான் செய்யும். அளக்காமல் விடுவதோடு ஒப்பிட்டால் அது பெரிய பிழையல்ல.

9. கற்களைப் புரட்டிப் பாருங்கள்

வேதியியல் மாதிரி அந்தக் கணத்தைச் சொல்கிறது. நீரடிப் பூச்சிகள் கடந்த பல வாரங்களைச் சொல்கின்றன, ஏனெனில் இரவில் வந்த கழிவிலிருந்து அவை ஓடித் தப்ப முடியாது. வயிற்றின் பக்கங்களில் செவுள் அசைய, பெரும்பாலும் மூன்று வால் இழைகளோடு கல்லில் ஒட்டியிருப்பவை மேஃபிளையின் இளவுயிரிகள். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டியிருப்பவை கேடிஸ்ஃபிளையினுடையவை. இரண்டே வாலிழை கொண்டவை ஸ்டோன்ஃபிளையினுடையவை. இவற்றில் பல வகைகள் ஒன்றாக வாழும் இடத்தில் நீர் பொதுவாக நன்றாகவே இருக்கும். சிவப்புப் புழுக்களும் சேற்றில் தலை புதைத்து வாலை ஆட்டும் மெல்லிய புழுக்களும் மட்டும் மொய்த்திருந்தால் ஆக்சிஜன் பஞ்சம் அங்கே பழகிவிட்டது என்று பொருள்.

ஒரே வகை வாழிடத்தை ஒப்பிடுவது இன்றியமையாதது. மேலே கற்பாங்கான இடத்திலும் கீழே சேற்றிலும் எடுத்து ஒப்பிட்டால், தெரிவது நீரின் வேறுபாடு அல்ல, தரையின் வேறுபாடு.

10. சுமையைக் கணக்கிடுங்கள்

செறிவை ஓட்டத்தால் பெருக்கினால் சுமை. நினைவில் வைக்க ஓர் எண் போதும்: லிட்டருக்கு 1 மில்லிகிராம், வினாடிக்கு 1 கனமீட்டர் என்றால் நாளொன்றுக்கு 86.4 கிலோ.

கணக்குக்காக ஓர் ஆற்றை எண்ணிக்கொள்வோம். மேலிருந்து வருவது வினாடிக்கு 2 கனமீட்டர், அதில் நைட்ரஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராம். வலப்புறம் கறுத்து நாறும் சாக்கடை, 0.05 கனமீட்டர், 20 மில்லிகிராம். இடப்புறம் தெளிந்த துணையாறு, 1.5 கனமீட்டர், 4 மில்லிகிராம். சுமைகள் முறையே நாளுக்கு 172.8, 86.4, 518.4 கிலோ. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுட்டிக்காட்டும் சாக்கடையைப்போல் ஆறு மடங்கு நைட்ரஜனைத் தெளிந்த துணையாறு கொண்டுவருகிறது.

அதற்காகச் சாக்கடையை விட்டுவிடலாம் என்று சொல்லிவிட முடியாது. அதன் நைட்ரஜன் அம்மோனியாவாக இருந்தால், அது நைட்ரேட்டாக மாறும்போது ஒவ்வொரு கிலோ நைட்ரஜனுக்கும் ஏறக்குறைய 4.57 கிலோ ஆக்சிஜன் செலவாகும், அந்த 86.4 கிலோவுக்கு நாளொன்றுக்கு 395 கிலோ. மீன்தான் உங்கள் கேள்வி என்றால் சாக்கடை முதலில். கீழே உள்ள ஏரியின் பாசிதான் கேள்வி என்றால் துணையாறு முதலில். முதல் படியில் கேள்வியை எழுதச் சொன்னது இங்கேதான் கைகொடுக்கிறது.

கூட்டிப் பார்க்கவும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால் வினாடிக்கு 3.55 கனமீட்டர், நாளுக்கு 777.6 கிலோ, கலந்த நீரில் ஏறக்குறைய 2.5 மில்லிகிராம் வர வேண்டும். அளந்தபோது 3.5 வந்தால், நீங்கள் காணாத மூலம் ஒன்று நடுவில் இருக்கிறது.

11. மூலத்தைத் தேடிப் பிடியுங்கள்

ஓட்டம் பெருகும்போது செறிவு குறைந்தால், எப்போதும் ஒரே அளவில் கொட்டும் குழாய்போன்ற மூலம் என்று எண்ணலாம். வெள்ளத்தோடு செறிவும் ஏறினால் நிலப்பரப்பிலிருந்து கழுவி வருவது. மழையில்லாத நாளில் அம்மோனியாவும் குளோரைடும் ஈ.கோலியும் சேர்ந்து ஏறினால் வீட்டுக் கழிவுநீரைச் சந்தேகியுங்கள். மழையில் கலங்கலும் பாஸ்பரஸும் சேர்ந்து ஏறினால் மண்ணரிப்பு. ஆண்டு முழுவதும், கோடையிலும் கூட, நைட்ரேட் மட்டும் சீராக உயர்ந்தே இருந்தால் அது நிலத்தடி நீர் வழியாக வருவதாக இருக்கலாம்.

காணாத மூலத்தைத் தேட மின்கடத்துமானிதான் சிறந்த துணை. வறண்ட நாளில் கரையோரமாக ஐம்பது அடிக்கு ஒரு முறை நனைத்துப் பார்த்துக்கொண்டே மேலே நடங்கள். ஒரு முறை நாணல் புதருக்கு அருகே எண் சட்டென்று இரட்டிப்பானது. பத்தடி மேலே போனதும் பழைய நிலைக்கு இறங்கியது. நாணலை விலக்கிப் பார்த்தால், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு குழாயின் வாய். எத்தனையோ முறை அதைக் கடந்து நடந்திருக்கிறோம்.

கணக்கில் இரண்டு எச்சரிக்கைகள். "கண்டறியும் அளவுக்குக் கீழே" என்று ஆய்வுக்கூடம் எழுதினால் அதைச் சுழியம் என்று பதியக் கூடாது, எழுதியபடியே பதியுங்கள். கிருமி எண்ணிக்கைகள் நூறிலிருந்து பல்லாயிரம் வரை தாவுவதால் அவற்றுக்குக் கூட்டுச் சராசரி பொருந்தாது. பெருக்குச் சராசரி (எல்லா எண்களையும் பெருக்கி, எத்தனை எண்களோ அத்தனையாம் மூலம் காண்பது) எடுங்கள்.

12. மேம்படுத்தும் வேலையை மேலிருந்து தொடங்குங்கள்

வரிசை இது: மூலத்திலேயே நிறுத்துதல், வழியில் தடுத்தல், கடைசியாக ஆற்றுக்குள் சீர்செய்தல். நடைமுறையில் பெரும்பாலோர் கடைசியில் தொடங்குகிறார்கள், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆகாயத்தாமரையை அகற்றும் முகாம்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்து வந்துகொண்டே இருந்தால் செடி சில வாரங்களில் மீண்டும் மூடிவிடும். அகற்றியதைக் கரையிலேயே குவித்தால் அழுகி அந்தச் சத்தும் ஆற்றுக்கே திரும்பும். காற்றூட்டிகளும் அப்படித்தான்: அவசரத்தில் மீனைக் காக்கும், சுமையை ஒரு கிலோகூடக் குறைக்காது.

மூலத்தில் செய்வது என்றால், குழாயைச் சுத்திகரிப்புக்குத் திருப்புவது, கசியும் தொட்டியைச் சரிசெய்வது, மண் பரிசோதித்து வேண்டிய அளவு மட்டும் உரமிடுவது, மழைக்கு முன்னால் உரம் தூவாமலிருப்பது, கால்நடைக்குக் கரைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி வைப்பது ஆகியவை. இவை நிலத்தில் வாழ்கிறவர்களின் ஒத்துழைப்பில்லாமல் நடவா. ஆகவே உங்கள் எண்களை முதலில் அவர்களிடம் கொண்டுபோங்கள். பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டவர் எதிரியாவார்; தம் வயலோரத்தில் தாமே மானியை நனைத்துப் பார்த்தவர் பெரும்பாலும் பேச வருவார்.

வழியில் தடுப்பதற்குக் கரையோரத் தாவரப் பட்டை நல்லது. பொதுவாக 10 முதல் 30 மீட்டர் அகலம் வரை பரிந்துரைக்கிறார்கள். நீர் பரவலாக, மெல்ல அதன் வழியே போனால்தான் மண்ணும் பாஸ்பரஸும் தங்கும். ஒரு வாய்க்காலோ புதைகுழாயோ பட்டையை ஊடுருவிப் போனால், பட்டை எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை. மழையில் நின்று, நீர் எந்த வழியாக வருகிறது என்று பார்த்த பிறகே நடுங்கள்.

நாணலும் சம்பும் வளர்த்த செயற்கைச் சதுப்பு, மிதக்கும் திண்மங்களையும் ஆக்சிஜன் தேவையையும் நன்றாகக் குறைக்கும்; ஆக்சிஜனற்ற சேற்றில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும். பாஸ்பரஸ் அப்படி வெளியேறுவதில்லை, மண்ணில் ஒட்டிக் கிடக்கும். மண் நிறைந்தபின் பிடிக்கும் திறன் குறையும். செடிகளை வெட்டி அகற்றுவதும் சேற்றை வாருவதும் யார் பொறுப்பு என்பது முடிவாகாமல் சதுப்பு அமைக்க வேண்டாம்.

13. பலன் கிடைத்ததா என்று அளங்கள்

வேலைக்கு முன் குறைந்தது ஓர் ஆண்டு அளவீடு கையில் இருக்க வேண்டும். வேலை நடக்காத ஒப்பீட்டு இடத்தையும் முன்னும் பின்னும் தொடர்ந்து அளக்க வேண்டும். மழை மிகுந்த ஆண்டில் எல்லா இடங்களிலும் செறிவு குறையலாம். ஒப்பீட்டு இடம் இல்லையென்றால் அந்தப் புகழை உங்கள் வேலை தவறாக வாங்கிக்கொள்ளும், வறண்ட ஆண்டில் பழியையும் அப்படியே சுமக்கும். ஆகவே இரண்டு இடங்களுக்கும் இடையிலான வேறுபாடு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அதையும் செறிவிலும் சுமையிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

எது எப்போது மாறும் என்பதை மக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு கழிவுக் குழாயை அடைத்தால் அம்மோனியாவும் ஈ.கோலியும் நாட்களிலோ வாரங்களிலோ குறையும். பூச்சிகள் திரும்ப ஒன்றிரண்டு பருவமாகும், அதுவும் மேலே எங்காவது அவை உயிரோடிருந்தால்தான். தேங்கிய சேற்றிலிருந்து பாஸ்பரஸ், மூலம் நின்ற பிறகும் பல ஆண்டுகள் கசியும். நிலத்தடி வழியாக வரும் நைட்ரேட், உரத்தைக் குறைத்த பிறகும் பல ஆண்டுகள், சில இடங்களில் பத்தாண்டுகளுக்கு மேலும் அப்படியே இருக்கக் கூடும். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லாத குழுக்கள், மூன்றாம் ஆண்டில் "ஒன்றும் மாறவில்லையே" என்று கேட்கும் உழவருக்கு விடை சொல்ல முடியாமல் நிற்கின்றன. அந்த ஆண்டோடு அளவீடும் நின்றுவிடுகிறது.